"ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டிவிட்டேன், மகள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை

செங்காங் அம்மா
திங்கள், இரவு 10.42

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து, சிங்கப்பூர்ப் பள்ளிகள் பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் ஓர் அறிவிப்பு வந்தது. உயர்நிலை இரண்டு மாணவர்களுக்கு நல்வாழ்வுக் கருத்தாய்வு, பெற்றோர் ஒப்புதல் தேவை என்று. வேலை முடிந்து ரயிலில் நின்றபடி வந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைப்பேசி. கற்றல் பயணத்துக்கும் நீச்சல் வகுப்புக்கும் தட்டுவதுபோல் இதற்கும் தட்டிவிட்டேன். இணைத்திருந்த கடிதத்தைத் திறக்கவே இல்லை.

இன்று இரவு தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, அதுல நான் எழுதுறத ஸ்கூல்ல உங்கக்கிட்ட காட்டுவாங்களா?" என்று கேட்டாள். "ஏன்மா?" என்றேன். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தோசை கருகிவிட்டது.

அப்புறம்தான் கடிதத்தைத் திறந்து படித்தேன். தூக்கம், நண்பர்கள், கேலி செய்யப்படுவது, கைப்பேசியில் செலவிடும் நேரம் என்று தொடங்கி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வரை கேட்பார்களாம். பதில்கள் யாரிடம் போகும், பெயரோடு போகுமா, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

பெற்றோர் ஒப்புதல் கேட்டது நல்லதுதான். ஆனால் நான் ஒப்புதல் கொடுத்தது எதற்கு என்று எனக்கே தெரியாமல் கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய குழப்பம்: அவள் எழுதுவதைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா? இருந்தாலும் நான் பார்க்கலாமா? யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஜூரோங் தாத்தா
திங்கள், இரவு 11.05

இதில் குழம்ப என்னம்மா இருக்கிறது? பிள்ளைக்கு 14 வயது. பெற்றவர்களுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது சரியே இல்லை. காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது நாம்தானே? மனதில் காய்ச்சல் வந்தாலும் முதலில் நமக்குத்தான் தெரிய வேண்டும். நாளைக்கே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.


தாதி அக்கா
செவ்வாய், காலை 6.50

இரவு வேலை முடித்து வந்து இதைப் பார்த்தேன். தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன். 25 வருடமாகத் தாதியாக இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் சிறுவர் வார்டில்.

முதலில் சட்டப் பக்கம். பலரும் நம் ஊரில் இதற்கு ஏதோ ஒரு வயது இருப்பதாக நினைக்கிறார்கள். இல்லை. "இந்த வயதுப் பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம்" என்று பொதுவாக எழுதிவைத்த சட்டம் சிங்கப்பூரில் கிடையாது. பொதுச் சட்டப்படி 21 வயதில்தான் ஒருவர் பெரியவர். 2009 மார்ச்சிலிருந்து 18 வயதில் ஒப்பந்தம் போடலாம் என்று ஆனது. ஆனாலும் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவமனைகள் பெரும்பாலும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தைக் கேட்கும். உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். அதேபோல் அவசியமான சிகிச்சையைப் பெற்றோரே தடுத்தால், குழந்தைகள், இளையர் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தலையிட முடியும்.

மருத்துவர்கள் பேசும்போது "கில்லிக்" என்ற பெயர் அடிபடும். இங்கிலாந்தில் விக்டோரியா கில்லிக் என்று ஒரு தாய், ஐந்து பெண் பிள்ளைகள். 16 வயதுக்குட்பட்ட தன் பெண்களுக்குத் தனக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை தரக்கூடாது என்று வழக்குப் போட்டார். 1985இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைக்கு விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையின் ஒப்புதலே போதும் என்றது. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர் கேட்டது எந்தத் தாயும் கேட்பதுதான். ஆனால் "பக்குவம்" என்று நீதிபதிகள் பிடித்த அந்தச் சொல், வார்டில் நிற்கிற எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கருக்கலைப்புக்கு நம் 1974ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் ஒப்புதலைக் கேட்பதில்லை, எந்த வயதிலும். 16 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குத் தனியாக ஆலோசனை கட்டாயம். ஆக, அவ்வளவு பெரிய விஷயத்தில் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சின்ன விஷயங்களில்தான் பிள்ளைகள் வாசலில் நின்றுவிடுகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் நான் ஒரு கிளினிக்கில் முகப்பில் இருந்தேன். பள்ளி உடற்பயிற்சிச் சட்டையோடு ஒரு பையன் தனியாக வந்தான், 15 வயது இருக்கும். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று குனிந்துகொண்டே சொன்னான். அந்த இடத்து வழக்கப்படி, "அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வாப்பா" என்று சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். கையிலிருந்த வரிசைச் சீட்டை அவன் நாலாக, எட்டாக மடித்து, நகத்தளவு ஆக்கி, முகப்பு மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. அது சாதாரண கிருமித்தொற்றாக இருந்திருக்கலாம், ஒரு வாரம் மாத்திரை போதும். அந்தச் சீட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

செங்காங் தங்கச்சி, உங்கள் மகள் வாசலில் வந்து நின்று கேட்டாள் பாருங்கள், அது நல்ல அறிகுறி. கேட்காமல் போகிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.


புக்கிட் பாஞ்சாங் அப்பா
செவ்வாய், காலை 9.12

தாதி அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பெற்றோர் கையெழுத்து வெறும் சடங்கு என்பதுபோல் பேச்சு போய்விடக் கூடாது.

என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவு. சிங்கப்பூரில் 1965இலிருந்தே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிறார்கள். அதனால் பிறந்த சில நாளிலேயே தெரிந்துவிட்டது. குழந்தை நல ஏட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சில மருந்துகள் ஆகாது, வீட்டில் அந்துருண்டை வைக்கக்கூடாது. சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். என் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுப்புடவையில் அந்துருண்டை வாசனை வந்ததுமே, பெட்டியைத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டு வரச் சொன்னேன். இவ்வளவும் பார்த்து வளர்த்த பிள்ளைக்கு இப்போது 13 வயது. போன மாதம் "டாக்டர் கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன். "எனக்கு ஏதோ ரத்தப் பிரச்சினைன்னு" என்றான். பெயர் தெரியவில்லை.

பக்குவம் என்கிறீர்களே, அவன் நல்ல பக்குவமான பையன்தான். ஆனால் அவன் உடம்பின் கதை முழுதும் என் மனைவி தலையிலும் என் தலையிலும்தான் இருக்கிறது. எங்களிடம் கேட்காமல் ஒரு மாத்திரை கொடுத்தால் யார் பொறுப்பு?


தாதி அக்கா
செவ்வாய், காலை 9.30

நூற்றுக்கு நூறு சரி, தம்பி. வரலாறு கேட்பதற்காகப் பெற்றோரை அழைப்பது வேறு, அனுமதிக்காக அழைப்பது வேறு. இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டுவிடுகிறோம், அதில்தான் சிக்கல். உங்கள் மகனுக்கு அந்தப் பெயரை இன்றைக்கே மனப்பாடம் செய்ய வையுங்கள். தேசிய சேவைக்கு, அதுதான் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போகும்போது நீங்கள் கூட இருக்க மாட்டீர்கள்.

இப்போது தூங்கப் போகிறேன்.


ஈசூன் தம்பி
செவ்வாய், பிற்பகல் 1.18

தேசிய சேவை என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு 19 வயது, இப்போது சேவையில் இருக்கிறேன். துப்பாக்கி பிடிக்கிறேன். போன மாதம் ஞானப்பல் எடுக்க ஒரு பல் மருந்தகத்துக்குப் போனேன், அம்மா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அது பரவாயில்லை, அம்மா வந்து போட்டார். சொல்ல வந்தது அது இல்லை.

உயர்நிலை நான்கில் எனக்கு மனது சரியில்லாமல் போனது. காலையில் எழுந்து சாக்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்னொரு சாக்ஸைப் போட வேண்டும் என்று தெரியும், முடியாது. பள்ளி ஆலோசகரிடம் போனேன். நல்லவர். "உன் உயிருக்கோ வேறு யாருக்குமோ ஆபத்து என்றால் தவிர, நீ சொல்வது இந்த அறையை விட்டுப் போகாது" என்று முதலிலேயே சொன்னார். மூன்று முறை பேசினேன். நான்காவது முறை, "உனக்கு வெளியே ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது, அதற்கு வீட்டில் ஒப்புதல் வேண்டும்" என்றார்.

அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் லாரி ஓட்டி என்னைப் படிக்கவைக்கிறார். அவர் முன்னால் போய், "எனக்கு மனநல மருத்துவர் வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்ல என் வாய் வரவில்லை. எட்டு மாதம் போனது. கடைசியில் எங்கள் மாமாதான் அப்பாவிடம் பேசினார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய், "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். மைலோ வாங்கிக் கொடுத்தார். அவர் கோப்பியைக் குடிக்கவே இல்லை.

தாத்தா, நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தபிறகுதான் எனக்குச் சரியானது. ஆனால் அவருக்குத் தெரிவிக்கிற வேலையை 16 வயதில் என் தலையில் போட்டார்களே, அந்த எட்டு மாதம் அதற்குப் போனதுதான்.


ஜூரோங் தாத்தா
செவ்வாய், பிற்பகல் 2.40

தம்பி, படித்தேன். உன் அப்பா குடிக்காத கோப்பி என் நெஞ்சில் நிற்கிறது.


ஆய்வு மாணவி
செவ்வாய், மாலை 5.55

கருத்தாய்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், முதல் கேள்வி அதுதானே. நான் பல்கலைக்கழகத்தில் இளையர் தொடர்பான ஆய்வில் வேலை செய்கிறேன். படிவம் எழுதுவதே பாதி வேலை.

"கருத்தாய்வு" என்ற ஒரே பெயரில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, பெயர் இல்லாதது. யார் எழுதினார் என்று எங்களுக்கே தெரியாது. மொத்தக் கணக்குதான் வரும். 2023இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, இங்கே மூன்று இளையரில் ஒருவருக்குக் கவலை, சோகம், தனிமை போன்ற உள்ளுக்குள் வாட்டும் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. அப்படிப்பட்ட எண் நமக்குக் கிடைப்பதே, பிள்ளைகள் பயமில்லாமல் பதில் எழுதுவதால்தான். இரண்டாவது, பெயரோடு எழுதி, ஆனால் ஆய்வாளருக்குள் மட்டும் இருப்பது. மூன்றாவது, பெயரோடு எழுதி வகுப்பாசிரியருக்கும் ஆலோசகருக்கும் போவது. இந்த மூன்றாவது வகை கருத்தாய்வே இல்லை, உதவி யாருக்குத் தேவை என்று தேடும் வலை. நல்ல வலைதான். ஆனால் அதை அப்படிச் சொல்லித்தான் விரிக்க வேண்டும். ரகசியம் என்று நம்பி எழுதிய பிள்ளையை மறுநாள் ஆலோசகர் அழைத்தால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் உண்மையை எழுதாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அதுவும் துண்டு துண்டாகத்தான். மருத்துவ ஆய்வு என்றால் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் வரும். அதில் 21 வயதுக்குட்பட்ட, ஆனால் புரிந்துகொள்ளும் திறன் உள்ள பிள்ளையிடம் பிள்ளையின் ஒப்புதலையும் வாங்க வேண்டும், பெற்றோரில் ஒருவரின் ஒப்புதலையும் வாங்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதை நன்றாகக் கவனியுங்கள். பெற்றோர் சரி என்று சொன்னாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிகாட்டி, 13 வயதுப் பிள்ளை புரிந்துகொண்டால் தன் தகவலுக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது, அவற்றுக்குத் தனி விதிகள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் உண்டு. அரசியல், மதம், மனநலம், பாலியல், குடும்ப வருமானம் என்று எட்டு விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். மத்தியக் கல்வித் துறையின் பணத்தில் நடக்கும் ஆய்வில் இவற்றைக் கேட்டு, மாணவர் கட்டாயம் பதில் எழுத வேண்டும் என்றால், பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். கேள்வித்தாளைப் பார்க்கவும் பெற்றோர் கேட்கலாம். கவனியுங்கள், கேள்வித்தாளை. அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கேள்வி பெற்றோருக்குத் திறந்திருக்க வேண்டும், பதில் பிள்ளைக்கு.

அக்கா, பள்ளிக்கு எழுதினால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "என் மகளின் பெயர் பதிலோடு சேர்ந்து போகுமா, போனால் யார் யார் பார்ப்பார்கள்?" அதற்குப் பதில் வந்தால் மற்றதெல்லாம் தெளிந்துவிடும்.


தெம்பனிஸ் வாசி
செவ்வாய், இரவு 8.20

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வந்தது. அங்கே ஐடஹோ மாநிலத்தில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது, பிள்ளைகளுக்கு எந்த மருத்துவ உதவியும் பெற்றோர் ஒப்புதலோடுதான் என்று. கையில் சிராய்த்தால் பிளாஸ்திரி ஒட்டலாமா என்று பள்ளிகள் வீட்டுக்குப் படிவம் அனுப்பின. ஜூரோங் ஐயா, எல்லாவற்றுக்கும் கையெழுத்து என்று எழுதிவிட்டால் அங்கே போய்த்தான் நிற்கும்.

ஆனால் நான் எழுத வந்தது என் வீட்டுக் கதை. 2019இல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளியிலேயே ஹெச்பிவி தடுப்பூசி இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க. முதல் ஆண்டிலேயே என் பெரிய மகளுக்கு ஒப்புதல் படிவம் வந்தது. தட்டம்மை, தொண்டை அடைப்பான் மாதிரி சட்டப்படி கட்டாயம் இல்லை, பெற்றோர் சரி என்று சொன்னால்தான் போடுவார்கள். வீட்டில் மாமியார், "அது கல்யாணமான பொம்பளைங்களுக்கு வர்ற நோயாச்சே, சின்னப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்று குறித்து அனுப்பிவிட்டேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளே வந்து கேட்டாள், "அம்மா, என் வகுப்புல எல்லாரும் போட்டுக்கிட்டாங்க, எனக்கு மட்டும் ஏன் வேணாம்னீங்க?" அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கிருமி உடம்புக்குள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே போட்டால்தான் முழுப் பலன். 15 வயதுக்கு முன்னால் என்றால் இரண்டு ஊசி போதும், அப்புறம் என்றால் மூன்று. அவளுக்கு 15 முடிந்திருந்தது, மூன்று போட்டோம். ஒவ்வொரு முறையும் கூடப் போனேன்.

படிவம் என்னைக் கேட்டது, சரி. என்னைக் கேட்டதோடு நின்றுவிட்டதே என்பதுதான் என் வருத்தம். உடம்பு அவளுடையது.


புக்கிட் பாஞ்சாங் அப்பா
செவ்வாய், இரவு 9.01

இதைப் படித்துவிட்டு மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜினேஸ்." ஆறு தடவை சொன்னான். நான் நாலு தடவை தப்பாகச் சொன்னேன், அவன் திருத்தினான். குழந்தை நல ஏட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டான்.


செங்காங் அம்மா
வியாழன், இரவு 11.15

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆய்வு மாணவி சொன்ன அந்த ஒரே கேள்வியைப் பள்ளிக்கு எழுதினேன். மறுநாள் வகுப்பாசிரியரே கூப்பிட்டார். பெயரோடுதான் போகும், அவரும் ஆலோசகரும் மட்டும் பார்ப்பார்கள், பெற்றோருக்குத் தாள் வராது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அழைப்போம், அழைக்கும் முன் பிள்ளையிடம் சொல்லிவிடுவோம் என்றார். "இதைக் கடிதத்திலேயே போட்டிருக்கலாமே டீச்சர்?" என்றேன். போட்டிருக்க வேண்டும்தான் என்று ஒத்துக்கொண்டார். மாணவர்களுக்கும் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றார்.

இன்று இரவு மகளைக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை அவளோடு சேர்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். டீச்சர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். "அப்போ நீங்க பாக்க மாட்டீங்க" என்றாள். "மாட்டேன். கேட்கவும் மாட்டேன். நீயா சொன்னா கேட்பேன்" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "டீச்சர்தான் படிப்பாங்கன்னா ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத மாட்டேன், ஆலோசகர்கிட்ட நேரா பேசலாமான்னு கேளுங்க" என்றாள். எந்தக் கேள்வி என்று என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

நாளைக் காலையில் டீச்சருக்கு அழைக்கப் போகிறேன். தாதி அக்கா, அவள் ஆலோசகரிடம் பேசிவிட்டு வரும் அன்றைக்கு நான் வேலைக்கு விடுப்புப் போடலாமா, இல்லை வழக்கம்போல் இருப்பதுதான் நல்லதா?


தாதி அக்கா
வெள்ளி, காலை 7.05

விடுப்பு வேண்டாம், தங்கச்சி. வழக்கம்போல் வேலைக்குப் போய் வாருங்கள். வந்து தோசை ஊற்றுங்கள். அவள் வாசலில் வந்து நின்றால் அடுப்பை அணைத்துவிடுங்கள்.